மெர்சேன் அடிகளாரின் அறுபத்தேழு

செப்டம்பர் மாதம் 8-ஆம் நாள் என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது வேளாங்கண்ணிதான். தேவதாயின் பிறந்தநாளாகிய அத்திருநாளிலே, 1588-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் மேன் பகுதியைச் சேர்ந்த உவாசே என்னும் சிற்றூரில், எளிய உழைப்பாளர் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைய தினமே அதற்கு ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டது. மரின் மெர்சேன் என்பது அக்குழந்தையின் பெயர்.

பின்னாளில் அவர் துறவியானார், குருவானார், இசையை ஆராய்ந்தார், ஐரோப்பாவின் அறிஞர்களையெல்லாம் கடிதங்களால் இணைத்தார். ஆயினும் இன்று உலகில் அவர் பெயர் நிலைத்திருப்பது எண்களால்தான். நாங்கள் அவரை அறிந்ததோ, அவர் தவறாகச் சொன்ன ஓர் எண்ணினால்!

எங்கள் கணித மன்றக் கூட்டம் ஒன்றில் சகோதரி அவர்கள் கரும்பலகையில் 14,75,73,95,25,89,67,64,12,927 என்று எழுதி, இது பகா எண்ணா, பகு எண்ணா என்று கேட்டார்கள். கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது என்றோம். இலக்கங்களைக் கூட்டினால் 109. ஆகவே 3-ஆல் வகுபடாது என்றோம். 7, 11, 13 என்று போய்ப் பார்த்தோம். அதற்குள் நாங்கள் களைத்துவிட்டோம். பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று பலர் கை தூக்கினோம். 1644-ஆம் ஆண்டில் ஒரு குருவானவரும் இப்படித்தான் சொன்னார், அதுவும் அச்சிட்ட நூலிலேயே சொன்னார் என்று கூறிச் சகோதரி சிரித்தார்கள். அந்தக் குருவானவரைப் பற்றித் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

மெர்சேனின் பெற்றோருக்குப் பண வசதி இல்லை. எனினும் மகனின் படிப்பார்வத்தைக் கண்டு லெ மான் நகரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1604-ஆம் ஆண்டில் இயேசு சபையார் லா ஃபிளேஷ் என்னுமிடத்தில் புதிய கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி அங்கே பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அங்கே போய்ப் படிக்கவேண்டும் என்று தாமே கேட்டுச் சென்றார் மெர்சேன். அப்போது அவருக்கு ஏறக்குறைய எங்கள் வயது. பிற்காலத்தில் பெரும் தத்துவ மேதையாக விளங்கிய தெகார்த்தும் அதே கல்லூரியில் பயின்றவரே. தெகார்த் எட்டு வயது இளையவர். அவர்களது நெருங்கிய நட்பு பிற்காலத்தில் பாரிஸில் மலர்ந்தது.

பின்னர் மெர்சேன் பாரிஸ் மாநகரின் சோர்போனில் இறையியல் பயின்றார். 1611-ஆம் ஆண்டு மினிம் சபையில் சேர்ந்தார். இச்சபையை நிறுவியவர் பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ். மினிம் என்றால் மிகச் சிறியோர் என்று பொருள். இச்சபையாருக்கு ஆண்டு முழுவதும் தபசுக்காலமே. இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பாலும் வெண்ணெயும்கூடக் கிடையாது. (விடுதிச் சாப்பாட்டைக் குறைசொல்லும் தோழியர் இதைச் சற்றுக் கவனிக்க.) 1612-இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் நெவேர் நகர மடத்தில் தத்துவம் கற்பித்தார். 1619-இல் பாரிஸ் திரும்பி, அரச சதுக்கத்துக்கு அருகிலிருந்த சபை மடத்தில் ஓர் அறையைப் பெற்றார். இடையிடையே பயணங்கள் சென்றதைத் தவிர, இறக்கும்வரை அவரது வாழ்க்கை அந்த அறையில்தான்.

அந்த அறைக்குத்தான் ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதியது! அக்காலத்தில் விஞ்ஞான இதழ்கள் இல்லை. முதல் இதழ்கள் 1665-இல்தான் பாரிஸிலும் லண்டனிலும் வெளிவந்தன. ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் அறிய வழியில்லை. சிலர் தாம் கண்டதை மறைத்தே வைத்தனர். இந்நிலையில் மெர்சேன் அடிகளார் ஒருவரிடம் கேள்வி கேட்பார். வந்த பதிலைப் படியெடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார். அவர் மறுத்தால் அந்த மறுப்பை முதலாமவருக்கே திருப்பி அனுப்புவார். இதனால் சண்டைகளும் வந்தன. துலூசில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டே கணிதம் செய்த ஃபெர்மாவுக்கும், ஹாலந்தில் ஒதுங்கி வாழ்ந்த தெகார்த்துக்கும் நடந்த வாதமெல்லாம் அடிகளாரின் வழியாகவே நடந்தது. கலிலியோ, டாரிசெல்லி, ஹைகன்ஸ் என்று அவருக்குக் கடிதம் எழுதியோர் பட்டியல் நீளும். அவர் இறந்தபின் அறையில் 78 பேருடைய கடிதங்கள் இருந்தன. அவருடைய கடிதப் போக்குவரத்தைப் பிற்காலத்தில் அச்சிட்டபோது 17 தொகுதிகள் ஆயின.

கலிலியோவுக்கு 1633-இல் ரோமாபுரியில் தீர்ப்பு வழங்கப்பட்டதை நாம் அறிவோம். அதற்கு மறு ஆண்டே, 1634-இல், கலிலியோவின் இயந்திரவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர் மெர்சேன் அடிகளார். ஒரு துறவிக்கு அது எளிய காரியமன்று. 1636-இல் இசையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நாணின் நீளம் பாதியானால் அதிர்வு இரு மடங்காகும். அதே அதிர்வை இரு மடங்காக்க இழுவிசையை மட்டும் மாற்றுவதானால் நான்கு மடங்கு இழுக்கவேண்டும் என்ற விதிகள் அதில் உள்ளன. எங்கள் வகுப்பில் வீணை பயிலும் தோழி ஒருத்தி இதை உடனே ஒப்புக்கொண்டாள்.

1635 முதல் அவரைச் சுற்றிப் பாரிஸில் அறிஞர் குழு ஒன்று கூடியது. பாஸ்கல் என்ற சிறுவன் பதினான்கு வயதிலேயே தந்தையுடன் அங்கே வந்தான். பதினாறு வயதில் கூம்பு வெட்டுகளைப் பற்றித் தன் சொந்தக் கண்டுபிடிப்பைச் சமர்ப்பித்தான். இதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அந்த அவையில் ஒரு சிறுமியும் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

இனி எண்ணுக்கு வருவோம்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொன்ன புலவரின் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பலகையில் 64 கட்டங்கள். அதற்குப் பதில் 67 கட்டங்கள் இருந்தால் மொத்தம் எத்தனை நெல்மணிகள் வரும்? 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. சகோதரி கரும்பலகையில் எழுதிய 21 இலக்க எண் அதுவேதான். இவ்வளவு நெல்லையும் ஒன்றுகூட மிஞ்சாமல் சம வரிசைகளாகப் பரப்பமுடியுமானால் அது பகு எண். ஒரே நீண்ட வரிசையாக மட்டுமே பரப்பமுடியுமானால் பகா எண்.

இத்தகைய எண்களின்மேல் ஒரு குருவானவருக்கு ஏன் ஆசை வந்தது? 6 என்ற எண்ணின் காரணிகள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. 28-உம் அப்படியே: 1, 2, 4, 7, 14. இவற்றை நிறைவெண்கள் என்பர். கடவுள் உலகை ஆறு நாட்களில் படைத்ததற்கும் ஆறு நிறைவெண்ணாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று புனித அகுஸ்தினார் எழுதியுள்ளார். அவருக்கு நெடுங்காலம் முன்பே யூக்ளிட் ஒரு வழி காட்டியிருந்தார். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கூட்டுத்தொகை பகா எண்ணாக வரும்போது அதைக் கடைசி எண்ணால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும். 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6. 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. 127-ஐ 64-ஆல் பெருக்கினால் 8128. ஆகவே நிறைவெண்ணைத் தேடுவோர், கட்டங்கள் எத்தனை இருந்தால் மொத்த நெல் பகா எண்ணாகும் என்று தேடவேண்டும்.

கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணானால் மொத்தமும் பகு எண்ணே. ஆறு கட்டங்களுக்கு 63. அது 7 பெருக்கல் 9. ஆகவே 2, 3, 5, 7 என்று பகா எண்களையே சோதித்தால் போதும். ஆனால் பகா எண்கள் எல்லாமே பலன் தருவதில்லை. பதினொரு கட்டங்களுக்கு 2047. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். உண்மையில் அது 23 பெருக்கல் 89. மெர்சேன் பிறந்த அதே 1588-ஆம் ஆண்டில் இத்தாலியரான கட்டால்டி, 17, 19 ஆகிய இரண்டும் பலன் தரும் என்று கண்டறிந்தார். அத்துடன் நிற்காமல் 23, 29, 31, 37 ஆகியவையும் தரும் என்று சொல்லிவிட்டார். அவற்றுள் 31 மட்டுமே சரி.

1640-இல் ஃபெர்மா மெர்சேனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு திறவுகோல் இருந்தது. 37 கட்டங்களுக்குரிய மொத்தத்தை ஏதேனும் ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 74-இன் மடங்காகவே இருக்கும். ஆகவே எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 75 பகா எண் அன்று, 149-ஆல் வகுபடவில்லை, 223-ஆல் மீதியின்றி வகுபட்டுவிட்டது. கட்டால்டியின் 37 அதோடு விழுந்தது. இதே முறையில் 23-ஐச் சோதித்தால் முதல் முயற்சியிலேயே 47 அகப்படும்.

மெர்சேன் ஃபெர்மாவை விடவில்லை. 1643-இல் 1,00,89,55,98,169 என்ற எண்ணைக் கொடுத்து, இது பகா எண்ணா என்று கேட்டார். அது 8,98,423-ஐ 1,12,303-ஆல் பெருக்கி வருவது என்று ஃபெர்மா பதில் எழுதினார். எப்படிக் கண்டார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவர் கையாண்ட முறைகளில் ஒன்று நமக்கும் தெரிந்ததே. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வர்க்கங்களின் வேறுபாடு என்று படித்தோமே, அதுதான்! ஃபெர்மா தந்த உதாரணம் 2,02,76,51,281. இதன் வர்க்கமூலம் 45,029-க்குச் சற்று மேல். எனவே 45,030 முதல் ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்து, அதிலிருந்து இந்த எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டாம் முயற்சியில் 45,041 வரும். அதன் வர்க்கத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது 10,40,400. அது 1,020-இன் வர்க்கம். ஆகவே 45,041-உடன் 1,020-ஐக் கூட்டினால் ஒரு காரணி, கழித்தால் மற்றொன்று: 46,061, 44,021. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் இப்படி வேலை செய்யும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

1644-ஆம் ஆண்டில் அடிகளார் வெளியிட்ட நூல் ஒன்றின் முன்னுரையில்தான் அந்தப் பட்டியல் உள்ளது. கட்டங்களின் எண்ணிக்கை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆனால் மட்டுமே மொத்தம் பகா எண்ணாகும். 257 வரை வேறு எதற்கும் ஆகாது என்பது அவர் கூற்று. 31 வரை எல்லாம் சரி. அதற்குமேல் அவர் எவ்வாறு கண்டார்? அதே நூலிலேயே, பதினைந்து அல்லது இருபது இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்தானா என்று சோதிக்க எவ்வளவு காலம் இருந்தாலும் போதாது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். 67-க்குரிய எண்ணோ 21 இலக்கங்கள். 257-க்குரிய எண்ணுக்கு 78 இலக்கங்கள்!

ஆகவே அவர் சோதித்துப் பார்க்கவில்லை என்பது உறுதி. இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. கேள்வி கேட்டே வாழ்ந்த ஒருவர், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதலாமா என்றார்கள் சிலர். 61 என்பதுதான் அச்சுப்பிழையால் 67 ஆயிற்று என்று அவருக்காகப் பேசிய கணித அறிஞரும் உண்டு. 61 உண்மையில் பலன் தரும் எண்ணாதலால் இந்த ஊகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 89-உம் 107-உம் விடுபட்டதற்கும், 257 சேர்ந்ததற்கும் அச்சுக்கோத்தவர் மேல் பழி போடமுடியாது. ஊகத்தை ஊகம் என்று எழுதியிருக்கவேண்டும் என்பதே எங்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆயினும் ஒன்று: 257 வரை உள்ள பகா எண்கள் 55. அவற்றுள் இரண்டைத் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 ஆகிய மூன்றைத் தவறாக விட்டார். ஐம்பது சரி. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்! வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதியதற்குச் சகோதரி எத்தனை மதிப்பெண் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அதே 1644-இல் அவர் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கே டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு செய்த சோதனையை அறிந்துவந்து பிரான்சில் பரப்பினார். பாஸ்கல் பின்னர் காற்றழுத்தத்தை ஆராய்ந்ததற்கு இச்செய்தியும் ஒரு காரணம். 1648-இல் அடிகளாரின் நுரையீரலில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தும் கட்டி இருந்த இடம் அகப்படவில்லை. செப்டம்பர் முதல் நாள், நண்பரும் குருவானவருமான கசாந்தியின் அருகாமையில் உயிர் நீத்தார். அறுபது வயது நிறைய இன்னும் ஏழு நாட்களே இருந்தன. நோயின் காரணத்தை மருத்துவர்கள் அறிந்துகொள்ளும்படி தம் உடலைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். இறந்த பின்பும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றவர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் விட்டுச் சென்ற பட்டியலைச் சரிபார்க்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. 31-க்குரிய 2,14,74,83,647 பகா எண்ணே என்பதை ஆய்லர் 1772-இல் உறுதிசெய்தார். பிறகு நூறாண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை. இதற்கிடையில் பாரிஸில் சோஃபி ஜெர்மேன் என்ற பெண்மணி, பெண் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சி, ஆண் பெயரில் கடிதம் எழுதியே கணிதம் கற்றார். ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் மீண்டும் பகா எண் வருமானால், முதல் எண் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 11 அப்படிப்பட்டது, அதிலிருந்து வருவது 23. 2047-ஐ வகுத்த அதே 23! அடிகளாரின் அவையில் காணாத பெண்ணை அவருடைய எண்களின் நடுவே கண்டதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1876-இல் பிரெஞ்சுக்காரரான எட்வார்ட் லூக்காஸ் ஒரு புதிய சோதனையைக் கண்டார். 1930-இல் அமெரிக்கரான லேமர் அதை எளிமையாக்கினார். அந்த எளிய வடிவத்தைச் சொல்கிறோம். 4 என்று தொடங்கவேண்டும். வர்க்கம் எடுத்து இரண்டைக் கழிக்கவேண்டும். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் வர்க்கம் எடுத்து இரண்டைக் கழிக்கவேண்டும். கட்டங்களின் எண்ணிக்கைக்கு இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்தபின் மீதி பூஜ்யமானால் பகா எண். இல்லாவிட்டால் பகு எண். ஐந்து கட்டங்களுக்குரிய 31-ஐ எடுத்துக்கொள்வோம்: 4, 14, பிறகு 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8, 8-இன் வர்க்கத்தில் இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். மூன்று தடவையில் முடிந்தது. 2047-க்கு ஒன்பது தடவை செய்தோம். கடைசி மீதி 1736. ஆகவே பகு எண். இதில் 23-ஐயோ 89-ஐயோ நாங்கள் தொடவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதுதான் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 67-க்குரிய எண் பகு எண் என்று லூக்காஸ் 1876-இலேயே நிரூபித்துவிட்டார். அடிகளார் சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணால் பெருக்கினால் அது வரும் என்று லூக்காஸுக்குத் தெரியாது. உலகில் ஒருவருக்கும் தெரியாது. நெல்லைச் சமமாகப் பரப்பமுடியும் என்பது நிச்சயம்; எத்தனை வரிசை என்று மட்டும் சொல்லமுடியாது. திருட்டு நடந்தது உறுதி, திருடன் யார் என்று தெரியாது என்பது போன்ற நிலை. இப்படியே 27 ஆண்டுகள் கடந்தன.

ஃபெர்மாவின் திறவுகோலை நாங்கள் இதில் போட்டுப் பார்த்தோம். காரணி பகா எண்ணானால், அது 134-இன் மடங்குக்கு ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும். 135, 269, 403 என்று தொடங்கிப் பன்னிரண்டு எண்கள் எழுதினோம். அவற்றுள் 269-உம் 1609-உம் மட்டுமே பகா எண்கள். இரண்டாலும் வகுபடவில்லை. அதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். உண்மையான காரணி அந்த வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தோம்!

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நியூயார்க்கில் நடைபெற்றது. அதில் கோல் என்ற பேராசிரியர் பேச எழுந்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். கரும்பலகைக்குச் சென்று 2-இன் 67-ஆம் அடுக்கைக் கையால் கணக்கிட்டு, ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் மறுபக்கம் நகர்ந்து 19,37,07,721 என்றும் 7,61,83,82,57,287 என்றும் எழுதி, வரி வரியாகப் பெருக்கினார். இரண்டு பக்கத்து விடைகளும் ஒன்றாக வந்தன. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் அமர்ந்தார். அவையோர் எழுந்து கைதட்டினர். எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் ஒருவர் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று பதில் வந்ததாகச் சொல்வர். இக்கதையைப் பிற்காலத்தில் எழுதியவர் கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பின்தான் கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று நாங்கள் நம்புகிறோம்.

மற்றத் தவறுகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. விடுபட்ட 61-ஐ 1883-இல் கண்டுபிடித்தவர் ருஷ்ய நாட்டுக் கிராமக் குருவான பெர்வூஷின். ஒரு குருவானவர் விட்டதை இன்னொரு குருவானவர் எடுத்துக் கொடுத்தார்! 89-ஐயும் 107-ஐயும் பவர்ஸ் என்பவர் 1911-லும் 1914-லும் சேர்த்தார். 257-க்குரிய எண் பகு எண் என்பது 1920-களில் தெரிந்தது. அதன் முதல் காரணி 1979-இல்தான் கணிப்பொறியின் துணையால் கிடைத்தது. 127-ஐப் பொறுத்தவரை அடிகளார் சொன்னது சரியே. இவ்வகைப் பகா எண்கள் யாவும் மெர்சேன் எண்கள் என்றே அழைக்கப்படுகின்றன. 2024-ஆம் ஆண்டில் 52-ஆவது கண்டுபிடிக்கப்பட்டது. அதில் நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் உள்ளனவாம்.

கோல் செய்த பெருக்கலை நாங்களும் செய்து பார்க்க விரும்பினோம். மதிய இடைவேளையில் வகுப்பின் கரும்பலகை முழுவதையும் துடைத்துக்கொண்டோம். 19,37,07,721-இல் ஒன்பது இலக்கங்கள், ஒன்று பூஜ்யம். ஆகவே எட்டு வரிகள் எழுதவேண்டும். 7 மூன்று முறை வருவதால் ஒரு முறை பெருக்கினால் போதும். மற்ற இரண்டும் இடம் மாற்றி எழுதுவதுதான். உண்மையில் 2, 3, 7, 9 ஆகிய நான்கால் மட்டும் பெருக்கினால் வேலை முடிந்துவிடும். எளிது என்று நினைத்தோம். முதல் முறை ஒன்பதாம் பெருக்கலில் மீதியெடுப்பு ஒன்று விட்டுப்போயிற்று. மறுநாள் வரிகள் எல்லாம் சரி. ஆனால் பூஜ்யத்துக்காக ஓரிடம் தள்ளி எழுத மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் ஒருத்தி சொல்ல, ஒருத்தி எழுத, மற்றவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று சரிபார்த்தார்கள். வலப்பக்கத்தில் 927 வந்ததும் யாரும் பேசவில்லை. அடுத்து 12, பிறகு 64, 67, 89. இடக்கோடியில் 14 வந்து நின்றபோது மணி அடித்துவிட்டது. அன்று கரும்பலகையை அழிக்கவேண்டிய முறை யாருடையது என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.